ஹுவாரெஸ் என்றொரு நகப்பூச்சு: மேக் – ரோடார்ட்டே ஒப்பனைத் தொகுப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

2010 செப்டம்பரில் விற்பனைக்கு வரவிருந்த ஓர் ஒப்பனைத் தொகுப்பு, அதன் மாதிரிகள் பார்வைக்கு வந்த சில வாரங்களுக்குள் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. தயாரிப்பு நிறுவனம் முதலில் மன்னிப்புக் கேட்டது. பின்னர் பெயர்களை மாற்றுவதாகச் சொன்னது. அதன்பின் நன்கொடை அறிவித்தது. அதற்கும் பிறகு முழு இலாபத்தையும் விட்டுக்கொடுப்பதாக உறுதியளித்தது. இறுதியில் தொகுப்பைக் கடைகளுக்கு அனுப்பாமலே கைவிட்டது. தயாரிப்பாளர் மேக் அழகுசாதன நிறுவனம். வடிவமைப்புக் கூட்டாளி அமெரிக்காவின் ரோடார்ட்டே ஆடை நிறுவனம். சர்ச்சையின் மையத்தில் இருந்தது மெக்சிகோவின் வட எல்லையில் உள்ள சியுடாட் ஹுவாரெஸ் நகரமும், அங்கே பல ஆண்டுகளாகக் காணாமற்போய்க்கொண்டும் கொல்லப்பட்டுக்கொண்டும் இருந்த பெண்களும் ஆவர்.

இந்த நிகழ்வு பெரும்பாலும் 'பொருத்தமற்ற பெயர் சூட்டிய கதை' என்றே நினைவுகூரப்படுகிறது. நகப்பூச்சுக் குப்பியின் மேல் 'ஹுவாரெஸ்' என்று அச்சிட்டது தவறு, அதை நீக்கியிருந்தால் சிக்கல் தீர்ந்திருக்கும் என்பது அந்த வாசிப்பின் சாரம். நிறுவனமும் தொடக்கத்தில் அவ்வாறே கருதியது. ஆனால் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், பெயர்கள் பிழையை வெளிக்காட்டிய இடமாக மட்டுமே தெரிகின்றன. பிழை அதற்கு முன்பே, உயிருக்கு அஞ்சி வேலைக்குச் சென்றுவந்த பெண்களின் களைப்பை ஓர் அழகியல் சாயலாக எடுத்துக்கொண்ட கணத்திலேயே நிகழ்ந்துவிட்டது. ஒவ்வொரு திருத்தமும் போதாமற்போனதற்கு அதுவே காரணம்.

கைகோத்த இரு நிறுவனங்கள்

மேக் 1984இல் கனடாவின் டொராண்டோவில் ஃபிராங்க் டாஸ்கன், ஃபிராங்க் ஏஞ்சலோ ஆகிய இருவரால் தொடங்கப்பட்டது. தொழில்முறை ஒப்பனைக் கலைஞர்களுக்கான பொருட்களில் தொடங்கி, 1990களில் எஸ்டீ லாடர் என்ற அமெரிக்க அழகுசாதனக் குழுமத்தின் கைக்கு வந்து, உலகெங்கும் கடைகளை விரித்தது. 'எல்லா வயதினருக்கும், எல்லா இனத்தவருக்கும், எல்லாப் பாலினத்தவருக்கும்' என்பது அதன் முழக்கம். அது வெறும் விளம்பர வாசகமாக நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1994இல் தொடங்கிய 'விவா கிளாம்' திட்டத்தில், குறிப்பிட்ட உதட்டுச்சாயத்தின் விற்பனை விலை முழுவதையும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் பாதிப்புற்றோருக்கு அந்நிறுவனம் வழங்கிவந்தது. அதன் முதல் விளம்பர முகமாக ரூபால் என்ற பெண்வேடக் கலைஞரைத் தேர்ந்தெடுத்தது. எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவும் பலர் தயங்கிய காலத்தில் இது துணிச்சலான செயலே. இந்த நற்பெயர் 2010இல் நிறுவனத்துக்கு எதிராகவே திரும்பியது என்பதையும், நெருக்கடியில் அது எடுத்த முடிவுகளை அந்தப் பழைய அனுபவமே வடிவமைத்தது என்பதையும் பின்னர் பார்ப்போம்.

ரோடார்ட்டே, கேட் மல்லீவி, லாரா மல்லீவி என்ற கலிஃபோர்னியச் சகோதரிகள் 2005இல் நிறுவியது. நிறுவனத்தின் பெயர் அவர்களது தாயின் குடும்பப் பெயரிலிருந்து வந்தது. தாய்வழியில் அவர்களுக்கு மெக்சிக வேர்களும் உண்டு. தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அமெரிக்க ஆடை வடிவமைப்பு உலகின் பெரிய விருதுகளைப் பெற்றவர்கள் அவர்கள். கிழிந்ததும் கருகியதும் போன்ற துணிகளையும், திகில் படங்களின் சாயலையும், பாலை நிலத்தின் நிறங்களையும் கொண்டு ஆடை தைப்பதில் பெயர்பெற்றிருந்தனர். சோகத்தை அழகாக்குவது அவர்களுக்குப் புதிதன்று. ஆயினும் அதற்கு முன் அவர்கள் எடுத்தாண்ட சோகங்கள் பெரும்பாலும் கற்பனையைச் சேர்ந்தவை.

2010 இலையுதிர்காலத் தொகுப்புக்காக அவர்கள் டெக்சஸ் மாநிலத்தின் எல் பாசோவிலிருந்து மார்ஃபா வரை சாலைவழிப் பயணம் மேற்கொண்டனர். எல்லைக்கு அப்பால் தெரிந்த ஹுவாரெஸின் மங்கலான நிலக்காட்சியும், நள்ளிரவில் எழுந்து அரைத் தூக்கத்தில் உடுத்திக்கொண்டு தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்கள் பற்றிய எண்ணமும் தங்களைக் கவர்ந்ததாக அவர்கள் ஃபேஷன் இதழாளர்களிடம் கூறினர். தூக்கத்தில் நடப்பவர்கள் என்ற படிமம் அவ்வாறு பிறந்தது. பிப்ரவரியில் நியூயார்க் ஃபேஷன் வாரத்தில் அது மேடையேறியது. வெளிறிய முகங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய துணிகள், உருகும் மெழுகுவத்தி போன்ற குதிகால் கொண்ட காலணிகள், இறுதியில் ஆவிகளைப் போன்ற வெண்ணிற உடைகள் ஆகியவை அதன் அடையாளங்கள். விமர்சகர்கள் பாராட்டினர். ஹுவாரெஸின் பெயர் அந்த விமர்சனங்களிலேயே இடம்பெற்றிருந்தும், கேள்வி பெரிதாக எழவில்லை.

அந்த நடையின் உண்மை

இங்கே சற்று நின்று, அந்தப் பெண்கள் உண்மையில் எப்படி வேலைக்குச் சென்றார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். இந்த ஆய்வின் மற்ற எல்லாம் அதைச் சார்ந்தே நிற்கின்றன.

மெக்சிகோ அரசு 1965இல் கொண்டுவந்த எல்லைத் தொழில்மயத் திட்டம், வரிச்சலுகையுடன் மூலப்பொருளை இறக்குமதி செய்து, பொருத்தி முடித்துத் திரும்ப ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கு வழிவிட்டது. மாகிலாடோரா எனப்படும் அத்தொழிற்சாலைகள் 1994இன் வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கைக்குப் பிறகு மேலும் பெருகின. ஹுவாரெஸ் அவற்றின் முதன்மை நகரங்களுள் ஒன்று. குறைந்த கூலிக்கு, நுண்ணிய விரல்வேலைக்கு, சங்கம் சேரமாட்டார்கள் என்ற எதிர்பார்ப்பில், இளம்பெண்களையே அவை விரும்பி எடுத்தன. மெக்சிகோவின் உட்பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய இப்பெண்கள் நகரின் ஓரத்தில், தார்ச்சாலையும் தெருவிளக்கும் எட்டாத குடியிருப்புகளில் தங்கினர். முதல் ஷிப்டு விடியலுக்கு முன் தொடங்கும். கடைசி ஷிப்டு நள்ளிரவை ஒட்டி முடியும். பேருந்து நிற்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான இருட்டு நடை ஒவ்வொரு நாளும் கடக்க வேண்டியதாக இருந்தது.

1993 முதல் அந்த நடையில் பெண்கள் மறைந்துபோகத் தொடங்கினர். உடல்கள் பாலை நிலத்திலும், வெற்று மனைகளிலும், வடிகால்களிலும் கிடைத்தன. எஸ்தர் சாவேஸ் கானோ என்ற ஓய்வுபெற்ற கணக்காளர் செய்தித்தாள் துணுக்குகளைச் சேகரித்துக் கொலைகளைப் பட்டியலிடத் தொடங்கினார். அரசு எண்ண மறுத்ததை ஒரு தனிமனிதர் எண்ணினார். 1999இல் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கென 'காசா அமிகா' என்ற மையத்தையும் அவர் திறந்தார். அம்னெஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு 2003இல் வெளியிட்ட அறிக்கை, பத்தாண்டுகளில் ஹுவாரெஸிலும் சிவாவா நகரிலும் சுமார் 370 பெண்கள் கொல்லப்பட்டதாகவும், அவர்களுள் குறைந்தது 137 பேர் பாலியல் வன்முறைக்கும் உள்ளாகியிருந்ததாகவும் கூறியது. கொல்லப்பட்ட எல்லோரும் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். மாணவியரும், கடைப்பெண்களும், வீட்டுவேலை செய்தோரும் இருந்தனர். ஆனால் ஆலைக்குச் செல்லும் இளம்பெண் என்பதே அந்த நகரின் அச்சத்துக்குக் கிடைத்த முகமாக இருந்தது.

2001 நவம்பரில் நகருக்குள்ளேயே, பழைய பருத்தி வயல் ஒன்றில், எட்டுப் பெண்களின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. அவர்களுள் மூவரின் குடும்பங்கள் தொடுத்த வழக்கு அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம்வரை சென்றது. அந்த மூவரின் வயது 15, 17, 20. இருபது வயதான பெண் மாகிலாடோரா ஒன்றில் வேலை செய்தவர். காணாமற்போன நாளன்று இரண்டு நிமிடம் தாமதமாக வந்ததால் ஆலைக்குள் விடப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டவர். மகளைக் காணவில்லை என்று புகார் கொடுக்க வந்த தாய்மார்களிடம், அவள் காதலனுடன் போயிருப்பாள் என்ற தொனியில் அதிகாரிகள் பேசியதையும் நீதிமன்றம் பதிவு செய்தது. தடுக்கவும் விசாரிக்கவும் தவறியதற்கு மெக்சிகோ அரசே பொறுப்பு என்ற தீர்ப்பு 2009 நவம்பர் 16 அன்று தேதியிடப்பட்டு, டிசம்பரில் தரப்பினருக்கு அறிவிக்கப்பட்டது. எஸ்தர் சாவேஸ் கானோ அதே டிசம்பர் 25 அன்று காலமானார். 2010 ஜனவரி இறுதியில் நகரின் வியாஸ் தே சல்வார்கார் பகுதியில் ஒரு விருந்துக்குள் புகுந்த ஆயுததாரிகள், பதின்ம வயதினர் பலர் உள்ளிட்ட 15 பேரைச் சுட்டுக் கொன்றனர். அந்த ஆண்டு முழுவதிலும் நகரில் நடந்த கொலைகள் ஏறத்தாழ 3,000.

நியூயார்க் மேடையில் அந்த ஆடைகள் நடந்தது இந்தத் தீர்ப்பு வந்த மூன்றாம் மாதம். அந்த விருந்துக் கொலைகள் நடந்து இரண்டு வாரங்களுக்குப் பிறகு. இதைக் காலவரிசையாகச் சொல்வது சகோதரிகளைக் கூண்டில் ஏற்றுவதற்காக அன்று. 'எங்களுக்குத் தெரியாது' என்ற விளக்கம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை அளப்பதற்காக. ஹுவாரெஸ் யாரும் அறியாத மூலையில் இருக்கவில்லை. அமெரிக்க நாளிதழ்களில் அது அடிக்கடி வந்துகொண்டிருந்தது. எல் பாசோவிலிருந்து ஒரு பாலத்தைக் கடந்தால் வந்துவிடும் நகரம் அது.

ஆகவே, அரைத்தூக்கத்தில் நடந்துபோகும் பெண் என்ற படிமத்தின் சிக்கல் அதன் மென்மையில்தான் இருக்கிறது. அந்த நடையில் தூக்கக் கலக்கம் இருந்தது உண்மையே. ஆனால் அதைவிட அதிகமாக விழிப்பு இருந்தது. பின்னால் வரும் காலடியைக் கவனிப்பதும், கூட்டமாகச் செல்ல ஆள் தேடுவதும், பேருந்து ஓட்டுநரின் முகத்தைப் படிப்பதும் அந்த நடையின் பகுதிகள். பருத்தி வயல் கொலைகளுக்காகக் கைதானவர்களே இரு பேருந்து ஓட்டுநர்கள்; சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள் என்று அவர்கள் முறையிட்டதால், உண்மைக் கொலையாளி யார் என்ற ஐயமும் நகரைவிட்டுப் போகவில்லை. தொலைவிலிருந்து பார்த்தவர்களுக்குக் கனவு போலத் தெரிந்தது, அருகில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கையோடு கடக்க வேண்டிய தூரம். அச்சத்தை நீக்கிவிட்டுக் களைப்பை மட்டும் எடுத்துக்கொண்டதால்தான் அது அழகாக இருக்க முடிந்தது.

மேடையில் எழாத கேள்வி, குப்பியில் எழுந்தது

ஜூலையில் மேக் தனது ஒப்பனைத் தொகுப்பின் மாதிரிகளைப் பத்திரிகையாளர்களுக்கும் அழகுசாதனங்கள் பற்றி எழுதுவோருக்கும் காட்டியது. நகப்பூச்சு, உதட்டுச்சாயம், கண்ணிமைப் பொடி போன்றவற்றின் பெயர்கள் அப்போதுதான் வெளியாயின. எல்லை நகரம் எனப் பொருள்படும் 'பார்டர்டவுன்', ஆளற்றுப்போன ஊரைக் குறிக்கும் 'கோஸ்ட் டவுன்', தொழிற்சாலையைக் குறிக்கும் 'ஃபேக்டரி', மெக்சிகோவில் ஒரு பெண் 15 வயதை எட்டும்போது நடத்தும் விழாவான 'கின்சென்யேரா', இவற்றோடு வெளிப்படையாக 'ஹுவாரெஸ்'. விளம்பரப் படத்தில் வெளிறி, கண்கள் குழிந்த ஒரு பெண். வெண்பொடியில் செந்நிற இழைகள் ஓடிய ஒரு பொருளைப் பார்த்துப் பலருக்கும் இரத்தமே நினைவுக்கு வந்தது.

தனித்தனியாக எடுத்தால் இவற்றுள் சில பெயர்கள் தீங்கற்றவை. தொழிற்சாலை என்ற சொல்லில் என்ன குற்றம்? ஆனால் பெயர்கள் ஒரு தட்டில் பக்கம்பக்கமாக வைக்கப்படும்போது ஒன்றையொன்று விளக்கத் தொடங்குகின்றன. எல்லை நகரம், ஆலை, பதினைந்து வயது, ஆவி, ஹுவாரெஸ் என்று வரிசையாகப் படிப்பவருக்கு ஒரு கொலை வழக்கின் சுருக்கமே கிடைக்கிறது. பருத்தி வயலில் கிடந்த மூவரில் ஒருத்தியின் வயது பதினைந்து என்பதை நினைவில் வைத்திருப்பவருக்கு, அந்த வரிசையைப் படித்து முடிப்பதே கடினம்.

மேடையில் ஐந்து மாதம் எழாத கேள்வி குப்பியில் ஏன் உடனே எழுந்தது என்பது இந்த நிகழ்வின் சுவையான புதிர்களுள் ஒன்று. என் கணிப்பில் காரணங்கள் இரண்டு. முதலாவது, மேடையில் ஹுவாரெஸ் துணியிலும் ஒளியிலும் கரைந்திருந்தது. அறிந்தவர்கள் மட்டுமே அதைப் படிக்க முடிந்தது. குப்பியில் அது அச்செழுத்தாயிற்று, விலைச்சீட்டுக்கு அருகில் வந்து நின்றது. இரண்டாவது, பார்வையாளர்கள் மாறினர். ஃபேஷன் வாரத்தின் முன்வரிசையில் அமர்ந்தவர்கள் வடிவமைப்பாளரின் மனவுலகை வியக்கப் பழகியவர்கள். ஒப்பனைப் பொருட்களைத் தம் காசு கொடுத்து வாங்கி, அவற்றைப் பற்றி எழுதிவந்த பெண்களோ, அதைப் பூசிக்கொள்ளப் போகும் இடத்திலிருந்து பார்த்தனர். அவர்களுள் பலர் மேக்கின் நீண்டகால வாடிக்கையாளர்கள், இலத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் இருந்தனர். கொலையுண்ட பெண்களின் ஊரைத் தம் விரல்நகத்தில் அணிவதா என்று அவர்கள் கேட்டபோது, அந்தக் கேள்விக்கு அழகியல் விடை எதுவும் இல்லை.

படிப்படியாக வந்த பதில்

நிறுவனத்தின் முதல் அறிக்கை, தொகுப்பிலுள்ள பெயர்கள் வாடிக்கையாளர்களையும் ரசிகர்களையும் புண்படுத்தியிருப்பதைப் புரிந்துகொள்வதாகவும், அது தன் நோக்கமன்று என்றும், மிகவும் வருந்துவதாகவும் கூறியது. வருவாயில் ஒரு பகுதி ஹுவாரெஸில் உதவி தேவைப்படுவோருக்கு வழங்கப்படும் என்றது. ரோடார்ட்டேயின் அறிக்கையோ, பெண்களுக்கெதிரான வன்முறையை இலேசாக்க எண்ணவில்லை என்று கூறியதோடு, தாங்கள் பயணித்த பகுதிகளின் நிலத்தையும் மக்களையும் கொண்டாடுவதே நோக்கம் என்றும் விளக்கியது.

இரு அறிக்கைகளும் மன்னிப்பைக் கேட்கத் தயங்கவில்லை, அது பாராட்டத்தக்கது. ஆனால் அவை தீங்கை எங்கே வைத்தன என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் அறிக்கையில் பாதிக்கப்பட்டவர் மனம் நொந்த வாடிக்கையாளர். ஹுவாரெஸ் பெண்கள் உதவி பெறவிருக்கும் மூன்றாம் தரப்பாக மட்டுமே வருகின்றனர். இரண்டாம் அறிக்கை கொண்டாட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. கொண்டாடப்படுபவருக்குத் தாம் கொண்டாடப்படுவது தெரிந்திருக்க வேண்டும் என்பது எளிய எதிர்பார்ப்பு. வெளிறிய, உயிர் வடிந்த முகமாகத் தம்மைக் காட்டுவதை எந்த ஊர் மக்கள் கொண்டாட்டம் என்று ஏற்பார்கள் என்ற கேள்விக்கும் அதில் இடமில்லை.

அடுத்து, பெயர்கள் மாற்றப்படும் என்றும் ஹுவாரெஸ் பெண்களுக்காக உழைக்கும் அமைப்புக்கு 1,00,000 டாலர் வழங்கப்படும் என்றும் அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு அடங்கவில்லை. மெக்சிகோவின் ஊடகங்களும் இதைக் கையிலெடுத்தன. பெயர் மாற்றிய அதே பொடி, அதே வெளிறிய முகத்துடன் விற்பனைக்கு வருமானால் மாறியது என்ன என்பதே விமர்சகர்களின் கேள்வி. அப்போது எஸ்டீ லாடர் குழுமத்தின் உயர் நிர்வாகிகளுள் ஒருவராக இருந்த ஜான் டெம்சி பெயரில் வந்த அடுத்த அறிவிப்பு, தொகுப்பின் உலகளாவிய இலாபம் முழுவதும் ஹுவாரெஸின் பெண்களுக்கும் சிறுமியருக்கும் உதவும் ஒரு புதிய முயற்சிக்குச் செல்லும் என்றது.

மேக் ஏன் மீண்டும் மீண்டும் பணத்தை நோக்கியே கைநீட்டியது என்பதற்கு விவா கிளாம் ஒரு விளக்கம் தருகிறது. விற்பனையும் நற்செயலும் ஒரே குப்பிக்குள் அடங்கும் என்பதை அந்நிறுவனம் பதினாறு ஆண்டுகளாகக் கண்டுவந்தது. அது அதற்குத் தெரிந்த மொழி. ஆனால் விவா கிளாமில் துயரம் முதலில் அடையாளம் காணப்பட்டது, பொருள் அதற்காகவே உருவாக்கப்பட்டது, பாதிக்கப்பட்ட சமூகத்தின் ஆட்கள் தொடக்கம் முதலே அதனுள் இருந்தனர். இங்கே வரிசை தலைகீழ்: துயரம் முதலில் மூலப்பொருளாயிற்று, பொருள் தயாரானது, சமூகம் கடைசியில் பயனாளியாகச் சேர்க்கப்பட்டது. இன்னொரு சங்கடமும் உண்டு. முழு இலாபமும் நற்பணிக்கே என்றால், கூடுதலாக விற்றால் கூடுதலாக உதவி என்றாகிறது. அதாவது எதிர்ப்பு தெரிவித்து வாங்க மறுப்பவர் ஹுவாரெஸ் பெண்களுக்குப் போகும் பணத்தைத் தடுப்பவராகிறார். நிறுவனம் அப்படி எண்ணியிருக்காது. ஆயினும் அந்த ஏற்பாட்டின் தர்க்கம் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது, விமர்சகர்கள் அதை ஏற்காதது சரியே.

செப்டம்பர் வெளியீட்டுக்கு முன்பே மேக் தொகுப்பை முற்றாக நிறுத்தியது. இலாபம் குறித்த உறுதிமொழியை, எதிர்பார்த்திருந்த இலாபத்துக்கு ஈடான தொகையை வழங்குவதாக மாற்றிக்கொண்டது. பணத்தை விற்பனையிலிருந்து பிரித்த இந்த முடிவே நெறி அளவில் முதன்முதலாக நேராக நின்றது. பல மாத உழைப்பையும் அச்சிட்ட உறைகளையும் தயாரித்த சரக்கையும் விட்டுக்கொடுக்கும் அளவுக்கு ஒரு பெரிய குழுமம் சென்றது அரிது என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

எடுத்துவைக்கப்பட்ட மறுப்புகள்

கலைக்குத் துயரத்தைத் தொடும் உரிமை இல்லையா என்று கேட்டவர்கள் இருந்தனர். உண்டு. ஹுவாரெஸ் பற்றி நாவல்களும், ஆவணப்படங்களும், தாய்மார்கள் சுவர்களிலும் கம்பங்களிலும் தீட்டிய இளஞ்சிவப்புச் சிலுவைகளும் உண்டு. அவற்றை யாரும் குறைகூறவில்லை. அவை பார்ப்பவரின் கவனத்தை இறந்தவரை நோக்கித் திருப்புகின்றன. ஒப்பனைப் பொருளோ அதை அணிபவரை நோக்கியே கவனத்தைத் திருப்பும். அதற்காகவே அது தயாரிக்கப்படுகிறது. நகத்தில் பூசிய 'ஹுவாரெஸ்' எவ்வளவு நல்லெண்ணத்துடன் வந்தாலும், முடிவில் அணிந்தவரின் விரலைத்தான் அழகாக்கும்.

சகோதரிகளின் மெக்சிக வேர்கள் மற்றொரு மறுப்பாக முன்வைக்கப்பட்டன. வேர் என்பது உறவைத் தரும். அண்மையைத் தானாகத் தருவதில்லை. கலிஃபோர்னியாவில் வளர்ந்து காரில் எல்லையோரம் சென்றவருக்கும், அந்த எல்லைக்குத் தெற்கே கடைசிப் பேருந்தைப் பிடிப்பவருக்கும் இடையிலான தூரத்தைக் குடும்பப் பெயரால் கடக்க முடியாது. இந்தச் சர்ச்சையாவது ஹுவாரெஸைப் பலரும் பேசும்படி செய்ததே என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. பேச வைத்தது தொகுப்பு அன்று, அதை எதிர்த்தவர்கள்.

பின்னும் முன்னும்

அழகுசாதனத் தொழிலில் அதிர்ச்சிப் பெயர்களுக்கு ஒரு மரபே உண்டு. இவ் செயின்ட் லாரன் 1977இல் வெளியிட்ட 'ஓபியம்' (அபினி) என்ற வாசனைத் திரவியம் பின்னர் அமெரிக்காவுக்கு வந்தபோது, அபினிப் போர்களின் நினைவைச் சுமந்த சீன அமெரிக்கர்கள் பெயரை மாற்றக் கோரினர். பெயர் மாறவில்லை, விற்பனை ஓங்கியது. 1990களின் நடுவில் தோன்றிய அர்பன் டிகே போன்ற நிறுவனங்கள் கரப்பான், புகைமூட்டம், துரு என்றெல்லாம் நிறங்களுக்குப் பெயர் வைத்துக் குறும்பாகச் சந்தையைக் கலைத்தன. அந்தக் குறும்பு யாரையும் காயப்படுத்தவில்லை, ஏனெனில் கரப்பானுக்குத் தாய்மார்கள் இல்லை. ஆனால் பெயர் எவ்வளவு துடுக்காக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற பழக்கத்தை அது தொழிலுக்குள் விட்டுச்சென்றது. பின்னாளில் அறிவு வளர்ச்சிக் குறைபாடுடையோரை இழிவுபடுத்தும் வசைச்சொல் ஒட்டிய 'செலிபுடார்ட்' என்ற உதட்டுச்சாயத்தை செஃபோரா கடைகள் விலக்க நேர்ந்ததும், அப்போது கேட்ட 'இது வெறும் உதட்டுச்சாயம்தானே' என்ற சலிப்பும் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியே.

2019 ஆகஸ்டில் டியோர் தன் 'சோவாஜ்' வாசனைத் திரவியத்துக்காக வெளியிட்ட, அமெரிக்கப் பழங்குடி நடனக் காட்சி கொண்ட விளம்பரம் வேறொரு பாடத்தைத் தருகிறது. பழங்குடி மக்களுக்காக இயங்கும் ஓர் அமைப்புடன் இணைந்தே அதை உருவாக்கியதாக நிறுவனம் கூறியது; இருந்தும், காட்டுமிராண்டி என்ற வசையை நினைவூட்டும் பெயருடன் அந்த நடனத்தைச் சேர்த்ததற்கு எழுந்த எதிர்ப்பில் விளம்பரத்தைச் சமூக ஊடகங்களிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. கலந்தாலோசித்தோம் என்பது மட்டும் போதாது. எந்தக் கட்டத்தில், எதை மாற்றும் அதிகாரத்துடன் அவர்கள் ஆலோசிக்கப்பட்டார்கள் என்பதே பொருட்படுத்த வேண்டியது. காட்சியும் பெயரும் முடிவானபின் நடக்கும் ஆலோசனை, பண்பாட்டு நுணுக்கங்களைத் திருத்தலாம், எண்ணத்தைத் திருத்தாது.

பெயர் எந்த மேசைகளைக் கடக்கிறது

ஓர் ஒப்பனைப் பெயர் வடிவமைப்பாளரிடமிருந்து தயாரிப்புக் குழுவுக்கும், அங்கிருந்து விளம்பரப் பிரிவுக்கும், சட்டப் பிரிவுக்கும், அச்சுக்கும் செல்கிறது. சட்டப் பிரிவின் வழக்கமான கேள்வி, இப்பெயரை வேறு நிறுவனம் பதிவு செய்திருக்கிறதா என்பது. விளம்பரப் பிரிவின் கேள்வி, இது நினைவில் நிற்குமா என்பது. தயாரிப்புக் குழு, நிறத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கும். 'ஹுவாரெஸ்' இந்த மூன்று கேள்விகளுக்கும் நல்ல விடைகளை வைத்திருந்தது. அந்த ஊரில் இப்போது யார் வாழ்கிறார்கள், அவர்களுக்கு என்ன நேர்கிறது என்று கேட்பது மேசையில் இருந்த எவருடைய பணிவிவரத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை எனில், நல்லவர்கள் நிறைந்த அலுவலகத்திலும் அந்தக் கேள்வி விடுபட்டுப்போகும். இதனால்தான் தனிநபர்களின் உணர்வின்மையைக் குறைகூறுவதோடு நிற்கும் விளக்கங்கள் எனக்கு நிறைவளிப்பதில்லை.

அதிலும் மேக்குக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தொலைதூரம் போக வேண்டிய தேவையே இருக்கவில்லை. தொகுப்பை நிறுத்திய அறிக்கையில், மெக்சிகோ மக்களுக்கும், ஹுவாரெஸின் பெண்களுக்கும் சிறுமியருக்கும், அவர்களின் குடும்பங்களுக்கும், அவர்களோடு மேக்கின் மெக்சிகோ கிளை ஊழியர்களுக்கும் மதிப்பளித்து இம்முடிவை எடுப்பதாக நிறுவனம் கூறியது. அந்த ஊழியர்கள் பிப்ரவரியிலும் அதே நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தவர்களே. அச்சுக்குப் போகும் முன் அந்தப் பெயர்ப் பட்டியலை அவர்களுள் ஒருவரின் மேசையில் வைத்து, வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் கொடுத்திருந்தால், அதைப் படித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.